பழைய பிக்கப் வண்டிக்கு டயர் தேர்வு: குறுக்கிழையும் ரேடியலும்

குறுக்கிழை டயர், ரேடியல் டயர் என்பன காற்றடைத்த டயர்களின் இரு வேறு கட்டுமான முறைகளாகும். 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட பிக்கப் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து குறுக்கிழை டயர்களுடனேயே வெளிவந்தன. இன்று அவ்வண்டிகளைப் பழுதுநீக்கி மீண்டும் சாலையில் ஓட்ட விரும்புவோர் பழைய முறை டயரையே மாட்டுவதா, ரேடியலுக்கு மாறுவதா என்று முடிவுசெய்ய வேண்டியுள்ளது. இது பெரும்பாலும் தோற்றம் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆனால் டயரை மாற்றும்போது ரிம், ட்யூப், ஸ்டியரிங், பிரேக் ஆகிய எல்லாவற்றின்மீதும் விழும் சுமை மாறுகிறது. ஆகவே இது பாதுகாப்பு பற்றிய கேள்வியும் ஆகும்.

இக்கட்டுரை இரண்டு அரை டன் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஒன்று 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 3100. மற்றொன்று 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1. அமெரிக்காவில் பழைய பிக்கப் என்றதும் பலர் மனத்தில் தோன்றும் வடிவம் இவ்விரண்டினுடையதே.

பெயர்கள்

அமெரிக்க வழக்கில் 'பயஸ் பிளை' என்றும், பிரித்தானிய வழக்கில் 'கிராஸ் பிளை' என்றும் சொல்லப்படுவதே இங்கு குறுக்கிழை டயர் எனப்படுகிறது. தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் இதை 'நைலான் டயர்' என்பார்கள். லாரி ரேடியலுக்குள் எஃகுக் கம்பியும் மற்றதற்குள் நைலான் நூலும் இருப்பதால் வந்த பெயர் இது. வாய்க்கு எளிய பெயர்தான்; ஆனால் பொருளைச் சரியாகக் காட்டாது. தொடக்ககாலக் குறுக்கிழை டயர்களில் இருந்தது பருத்தி நூல். பின்னர் ரேயான் வந்தது, அதன்பின் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. கார் ரேடியல்களிலும் பாலியெஸ்டர் நூல் உண்டு. இரு வகைகளையும் பிரிப்பது நூல் ஓடும் திசை.

நூல் ஓடும் திசை

வெறும் ரப்பரால் காற்றழுத்தத்தைத் தாங்க முடியாது, பலூனைப்போல வீங்கிவிடும். டயருக்கு வடிவத்தையும் வலுவையும் தருவது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நூலடுக்குகள். டயரின் இரு உள்விளிம்புகளிலும் எஃகுக் கம்பிச் சுருளால் ஆன வளையம் உண்டு. ரிம்மைப் பற்றிக்கொண்டு உட்காருவது அதுவே. நூல்கள் ஒரு வளையத்திலிருந்து புறப்பட்டு, பக்கச்சுவர் வழியாக ஏறி, சாலையைத் தொடும் பரப்பின் அடியில் கடந்து, மறுபக்க வளையத்தில் முடிகின்றன.

குறுக்கிழை டயரில் இந்த நூல்கள் மூலைவாட்டமாகச் செல்கின்றன. சக்கரம் உருளும் திசைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பாகை சாய்வில் ஓர் அடுக்கு இருக்கும். அடுத்த அடுக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இப்படி இரண்டு, நான்கு, ஆறு என்று அடுக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்லும்.

இதன் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு துண்டு வேட்டித் துணி போதும். நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். நீளும்போது அகலம் சுருங்கும். தையற்காரர்கள் ரவிக்கையைக் 'கிராஸ் கட்டிங்' முறையில் வெட்டுவது இந்தக் குணத்தை நம்பித்தான். ஆங்கிலத்தில் 'பயஸ்' என்பதும் துணியின் இந்த மூலைவாட்டத்தைக் குறிக்கும் சொல்லே.

டயர் உருளும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொட்டுத் தட்டையாகிறது, பிறகு நிமிர்கிறது. அப்போது குறுக்கு நூல்கள் கடைவாசலில் உள்ள மடக்கு இரும்புக் கதவின் சட்டங்களைப்போல நெருங்கியும் விலகியும் அசைகின்றன. அசைவு உராய்வாகிறது, உராய்வு சூடாகிறது. தரையைத் தொடும் ரப்பரும் அந்த அசைவில் இழுபட்டுத் தேய்கிறது. பக்கச்சுவரும் மேற்பரப்பும் ஒரே துணியால் ஆனவை. எனவே பக்கச்சுவர் வளைந்தால் மேற்பரப்பும் கூடவே நெளிகிறது.

ரேடியல் டயரில் நூல்கள் வளையத்திலிருந்து வளையத்திற்கு நேராக, உருளும் திசைக்கு 90 பாகையில் செல்கின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் மையத்திலிருந்து வெளியே செல்லும் ஆரங்களைப்போல அமைந்திருப்பதால் இப்பெயர் வந்தது. இந்த நூல்கள் மட்டும் இருந்தால் டயர் தன் வடிவில் நிற்காது. அதனால் மேற்பரப்பின் அடியில், சுற்றளவு முழுவதும், பெரும்பாலும் எஃகுக் கம்பியாலான பட்டைகள் பீப்பாய்க்குக் கட்டும் இரும்பு வளையம்போல இறுக்கிப் பிடிக்கின்றன. பக்கச்சுவர் தன் போக்கில் வளையலாம். மேற்பரப்பு தட்டையாகத் தரையில் படிந்திருக்கும். இரு வேலைகளையும் இரு பகுதிகளிடம் பிரித்துக் கொடுத்ததே ரேடியலின் சிறப்பு. பக்கச்சுவர் மெலிந்து பிதுங்குவதால், சரியான காற்று இருக்கும்போதும் ரேடியல் டயர் காற்றுக் குறைந்ததுபோலத் தோன்றும். அதைக் கண்டு அளவுக்கு மீறிக் காற்றடிப்பவர்கள் உண்டு.

ரேடியல் வந்த வழி

ஆரவாட்டில் நூலை அமைக்கும் எண்ணம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே காப்புரிமைகளில் இடம்பெற்றுவிட்டது. அதை விற்பனைப் பொருளாக்கியது பிரான்சின் மிஷலின் நிறுவனம். அங்கு மாரியுஸ் மிஞோல் என்பவர் டயரில் சூடு எங்கே பிறக்கிறது என்று கண்டறிய, பக்கச்சுவரில் குறுக்கடுக்குகளுக்குப் பதிலாக இடைவெளிவிட்ட ஆரக் கம்பிகளை வைத்துச் சோதனை டயர் ஒன்றைச் செய்தார். அதன் தோற்றத்தைக் கண்டவர்கள் 'ஈக்கூண்டு' என்று பெயரிட்டார்கள். 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1949இல் 'மிஷலின் எக்ஸ்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1930களின் நடுவிலிருந்தே சித்ரோன் கார் நிறுவனம் மிஷலினின் கையில் இருந்ததால், புதிய டயரை ஓட்டிப் பார்க்கச் சொந்த வண்டிகளே கிடைத்தன.

ஆகவே செவர்லே 3100 அமெரிக்கக் கிராமச் சாலைகளில் புதிதாக ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் ரேடியல் விற்பனையில் இருந்தது. அமெரிக்கா அதை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆக்ரன் நகரத் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் அனைத்தும் குறுக்கிழை டயர் செய்வதற்கானவை. ரேடியல் செய்ய அவற்றை மாற்ற வேண்டும். வண்டிகளின் வில்களும் குறுக்கிழையின் மென்மைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தன. 1966இல் சியர்ஸ் நிறுவனம் மிஷலின் செய்த ரேடியல்களைத் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் கான்டினென்டல் மார்க் III ரேடியலைத் தொழிற்சாலை டயராகக் கொண்டு வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி மீதி வேலையை முடித்தது. உருளும்போது குறைவாகச் சூடாகும் டயர் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. இடையில், குறுக்கிழை உடலின்மீது சுற்றுப்பட்டை வைத்த கலப்பு வகை ஒன்றும் சில ஆண்டுகள் ஓடி மறைந்தது.

பழைய வண்டிக்காரர்களிடம் ரேடியல்மீது நெடுநாள் ஐயம் இருந்ததற்கு ஒரு நியாயமும் உண்டு. ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் '500' என்னும் எஃகுப்பட்டை ரேடியல்களில், ரப்பரிலிருந்து பட்டை பிரிந்து டயர் சிதறிய விபத்துகள் நிகழ்ந்தன. 1978இல் சுமார் 1.45 கோடி டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. எஃகையும் ரப்பரையும் பிரியாமல் ஒட்டவைக்கும் கலை அன்று எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் கைவந்திருக்கவில்லை. இன்றைய ரேடியலை அந்தக் கணக்கில் எடைபோடுவது சரியன்று.

வண்டி எந்தச் சாலைக்காகப் பிறந்தது

அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைத் திட்டத்திற்குச் சட்டம் வந்தது 1956இல். 3100, எஃப்-1 இரண்டும் அதற்கு முந்தியவை. பண்ணையிலிருந்து சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போவதற்கானவை. இரண்டிலும் முன்பக்கம் ஒரே வார்ப்பான திண்ம அச்சு, கிங் பின், கமான் பட்டை. ஸ்டியரிங்குக்குத் துணைவிசை எதுவும் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழித்தடம். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று.

எஞ்சினையும் பார்க்க வேண்டும். 1953 வரை வந்த செவர்லே அரை டன் வண்டிகளில் இருந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில், கனெக்டிங் ராடு பேரிங்குகள் பாபிட் உலோகத்தை ஊற்றிச் செய்தவை. அவற்றுக்கு எண்ணெய் கிடைப்பது, ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயில் தோய்ந்து வாரிக்கொள்வதால். 4.11 விகிதப் பின்அச்சும் 28 அங்குல விட்டமுள்ள டயரும் இருந்தால், மணிக்கு 50 மைல் (80 கி.மீ.) வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,470 சுற்றுச் சுழலும். 65 மைலில் அது 3,200ஐத் தாண்டும். இந்த எஞ்சின் தன் முழுத் திறனான சுமார் 90 குதிரைத்திறனைக் கொடுப்பதே 3,300 சுற்றில்தான்.

இந்தக் கணக்கு டயர் தேர்வில் முக்கியமானது. ரேடியல் மாட்டியதும் வண்டி நேராக ஓடுகிறது, ஓட்டுநருக்குத் துணிவு வருகிறது, வேகம் கூடுகிறது. ஆனால் பிரேக்கும் பேரிங்கும் 1950இல் இருந்த நிலையிலேயே இருக்கின்றன. டயரால் கிடைக்கும் நன்மையைப் பாதுகாப்புக்குச் செலவிட்டால் லாபம். வேகத்துக்குச் செலவிட்டால் நட்டம்.

சாலையில் தெரியும் வேறுபாடு

குறுக்கிழை டயரில் ஓடும் வண்டி சாலையின் நீளவாக்குப் பள்ளங்களையும் கோடுகளையும் பிடித்துக்கொண்டு இழுக்கும். லாரிகள் ஓடிக் குழிந்த தடத்தின் விளிம்பில் சக்கரம் ஏறினால் வண்டி தானாக ஒருபுறம் நகரும். ஓட்டுநர் இடைவிடாமல் சிறுசிறு திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். இது பழைய வண்டியின் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி டயரின் குணம். மீதிப் பாதி பெரும்பாலும் தேய்ந்த கிங் பின்னும், விளையாட்டுக் கொடுக்கும் ஸ்டியரிங் பெட்டியும். ரேடியல் மாட்டினால் முதல் பாதி பெருமளவு குறைகிறது. இரண்டாம் பாதி மறைந்துகொள்கிறது, தீர்வதில்லை. ஆகவே டயர் வாங்குமுன் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது நல்லது.

இரவு முழுதும் நின்ற வண்டியில் நைலான் நூல் டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில மைல்களுக்குத் தடதடவென்று அடிக்கும். டயர் சூடேறியதும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் இது கூடுதலாகத் தெரியும்.

வளைவில் திரும்பும்போது எந்த டயரும் தான் நோக்கும் திசையிலேயே துல்லியமாகச் செல்வதில்லை. சற்று வழுவிச் செல்கிறது. குறுக்கிழையில் இந்த வழுவல் கோணம் பெரிது. திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துத் திரும்புவதுபோல இருக்கும். ரேடியலில் கோணம் சிறிது. திருப்பம் உடனே கிடைக்கும். ஆனால் பிடி விடும் விதம் நேர்மாறு. குறுக்கிழை கீச்சிட்டு, மெல்ல நழுவி, முன்கூட்டியே சொல்லிவிட்டு விடும். ரேடியல் அதைவிட அதிகமாகத் தாங்கும், தாங்கும் எல்லை வந்ததும் சட்டென்று விடும். காலிப் பெட்டியுடன் பின்புறம் எடையில்லாமல் ஓடும் பிக்கப்பில் ஈரச்சாலையில் இதை நினைவில் வைக்க வேண்டும். எனினும் ஈரத்தில் மொத்தப் பிடி ரேடியலிலேயே அதிகம்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவதில் குறுக்கிழை வெல்கிறது. ரேடியலின் அகலமான, தட்டையான தடம் தரையை இறுகப் பிடிப்பதால், வண்டி நிற்கும்போது திருப்பக் கூடுதல் பலம் வேண்டும். சிறிது உருளவிட்டுத் திருப்பினால் கைக்கும் ஸ்டியரிங் பெட்டிக்கும் நோவு குறையும். ஆயுளில் ரேடியல் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனால் ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து முடிவதில்லை, வயதாகித்தான் முடிகிறது. அப்படிப்பட்டவருக்கு ஆயுள் கணக்கு பெரிய காரணமாகாது.

ரிம்மும் ட்யூபும்

கடைக்காரர் கேட்க மறப்பதும் வாங்குபவர் சொல்ல மறப்பதும் ரிம் பற்றித்தான். பழைய 16 அங்குல ரிம்கள் குறுகியவை. ட்யூப் டயருக்காகச் செய்தவை. அமெரிக்கக் கார்களில் ட்யூப் இல்லா டயர் பொதுவானது 1955 மாதிரிகளிலிருந்து. அதற்குப் பின்வந்த ரிம்களில், டயரின் விளிம்பு வளையம் உள்ளே நழுவாமல் தடுக்கும் சிறு மேடு வைக்கப்பட்டது. பழைய ரிம்மில் அது இல்லை. சில ரிம்கள் தறையாணி அடித்து இணைத்தவை. ஆணித் துளை வழியே காற்றுக் கசியும். இத்தகைய ரிம்மில் எந்த வகை டயரானாலும் ட்யூப் போட்டே மாட்ட வேண்டும்.

ரேடியலுக்குள் போடும் ட்யூப், ரேடியலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். ரேடியலின் பக்கச்சுவர் அதிகம் வளைவதால் சாதாரண ட்யூப் மடிப்பிலும் ஒட்டுப்போட்ட இடத்திலும் உரசிக் கிழியும். ட்யூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த சில டயர்களின் உட்புறம் மேடுபள்ளமான கோடுகள் உண்டு. அவை அரம்போல ட்யூபைத் தேய்க்கும். உள்ளே ஒட்டிய காகிதச் சீட்டுகூட உரித்தெடுக்கப்பட வேண்டும். ட்யூப் டயர் பஞ்சரானால் காற்று மெல்ல இறங்காது, ஒரே மூச்சில் போய்விடும். முன்சக்கரத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரிம்மின் உலோகத்திற்கும் ரேடியல் புதுச் சுமை. குறுக்கிழையின் விறைத்த பக்கச்சுவர் தானே ஏற்றுக்கொண்ட விசையின் ஒரு பகுதியை, ரேடியலின் நெகிழ்ந்த சுவர் ரிம்மின் விளிம்புக்குக் கடத்துகிறது. வளைவுகளில் ரிம் மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. வண்டி ஓடும்போது சக்கர மூடிகள் கழன்று சாலையோரம் உருண்டு போவதற்கு இது ஒரு காரணம். மூடி போனால் பரவாயில்லை. துருப்பிடித்து மெலிந்த ரிம்மில் நட்டுத் துளைகளைச் சுற்றி விரிசல் விடுவதே ஆபத்து. பழைய ரிம்மில் ரேடியல் மாட்டத் துணிபவர், பெயின்டை முழுதும் நீக்கி, துளைகளின் ஓரத்தையும் பற்றவைத்த இடங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ரிம்மை மாற்றிவிடுவதே மலிவு.

அக்கால முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் பலவற்றில் பூட்டுவளையம் வைத்த பல்துண்டு ரிம்கள் இருந்தன. இவை தனிவகை. காற்றடிக்கும்போது வளையம் சரியாக அமராவிட்டால் வெடித்துப் பறக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், இத்தகைய சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்கின்றன. வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையன்று இது. ரேடியலுக்கென்று சான்று பெறாத பல்துண்டு ரிம்மில் ரேடியல் மாட்டவே கூடாது.

அளவுக் குறியீடு

3100, எஃப்-1 இரண்டுக்கும் அடிப்படை அளவு 6.00-16. அதாவது டயரின் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். உயரம் தனியாகக் குறிக்கப்படுவதில்லை. அக்கால டயர்களில் பக்கச்சுவரின் உயரம் அகலத்திற்கு ஏறக்குறையச் சமம். வெளிவிட்டம் சுமார் 28 அங்குலம் வரும். சற்றுப் பெரிய 6.50-16 சுமார் 29 அங்குலம்.

ரேடியலின் குறியீடு வேறு. 215/75R15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். கணக்கிட்டால் வெளிவிட்டம் 27.7 அங்குலம் வருகிறது, 6.00-16க்கு அருகில். 235/75R15 என்றால் 28.9 அங்குலம்; 6.50-16க்கு அருகில். விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். 28 அங்குல டயருக்கு அமைந்த வேகமானி, 28.9 அங்குல டயரில் 50 மைல் என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 51.6.

இந்த 15 அங்குல அளவுகளுக்கு வேறு ரிம் வேண்டும். செவர்லேயில் ஆறு நட்டு, ஃபோர்டில் ஐந்து நட்டு; இரண்டிலும் துளை வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். பிற்கால வண்டிகளின் எஃகு ரிம்கள் பலவும் இதே அளவில் கிடைக்கின்றன. பிரேக் டிரம்மில் இடிக்காமலும், முழுதாகத் திருப்பும்போது முன்பக்கக் கம்பிகளில் உரசாமலும் இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். 235 அளவு டயரைக் குறுகிய ரிம்மில் திணிப்பது தவறு. மேற்பரப்பு நடுவில் உப்பி, ரேடியலின் நன்மையே போய்விடும்.

பழைய 16 அங்குல ரிம்மை வைத்துக்கொள்ள விரும்பும் சிலர் 215/85R16 என்னும் லாரிவகை ரேடியலைத் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் பத்து அடுக்குத் தரத்தில் வருவது. வெளிவிட்டம் 30.4 அங்குலம். முழுச்சுமைக்கு 80 பிஎஸ்ஐ வரை காற்றுத் தாங்கும். பழைய ரிம் அந்த அழுத்தத்திற்குச் செய்ததன்று, அந்த அகலத்திற்கும் செய்ததன்று. காலியாக ஓடும் அரை டன் வண்டியில் அந்த டயர் கட்டைச் சக்கரம்போலக் குலுக்கும்.

அடுக்குத் தரம் என்பதையும் இங்கே விளக்க வேண்டும். பருத்தி நூல் காலத்தில் 'ஆறு அடுக்கு' என்றால் உண்மையிலேயே ஆறு அடுக்கு. இன்று அது தாங்கும் திறனைக் குறிக்கும் பழைய பெயர் மட்டுமே. உள்ளே இரண்டோ மூன்றோ அடுக்குதான் இருக்கலாம். அதே தரத்தை இப்போது எழுத்தாலும் குறிக்கிறார்கள்: சி என்றால் ஆறு, டி என்றால் எட்டு, இ என்றால் பத்து.

கலந்து மாட்டுதல்

ஒரே அச்சில் ஒருபுறம் குறுக்கிழை, மறுபுறம் ரேடியல் என்று மாட்டவே கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவில் வழுவுவதால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்பதும் விரும்பத்தக்கதன்று. முன்னால் இரண்டு ரேடியல் வாங்கி மாட்டினால் ஸ்டியரிங் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. கெடுதல் செய்யும் கலப்பும் அதுவே. வளைவில் முன்சக்கரங்கள் இறுகப் பிடித்துத் திரும்ப, பின்னால் உள்ள குறுக்கிழை வழுவி, வண்டியின் பின்புறம் வெளியே சுழன்றுவிடும். காலிப் பெட்டி இதை மேலும் மோசமாக்கும். பிரித்தானியச் சட்டம் முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையுமாக ஓட்டுவதைத் தடைசெய்கிறது. வேறு வழியில்லாத நேரத்தில் ரேடியல் பின்னால் இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் மற்ற நான்கின் வகையாகவே இருப்பது நன்று. பழைய குறுக்கிழை ஸ்டெப்னியைப் பின்பெட்டியின் அடியில் தொங்கவிட்டு, நான்கு ரேடியலில் ஓட்டுவோர் மிகப் பலர்.

டயரின் வயது

மொட்டை டயரைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். கிழட்டு டயரைக் கண்டுபிடிப்பது கடினம். பழைய வண்டி வாங்குபவர்கள் பட்டன் தேயாத டயரைக் கண்டு மகிழ்ந்துபோகிறார்கள். கொட்டகையில் இருபது ஆண்டு நின்ற டயரின் ரப்பர் இறுகி, உள்ளே அடுக்குகளின் ஒட்டுதல் தளர்ந்திருக்கும். அமெரிக்காவில் விற்கும் டயரின் பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தியது. மேலே பேச வேண்டாம், கழற்றிவிட வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்தாண்டு ஆனதும் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்றுவதும் பொதுவான அறிவுரை. வகையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர் வயதைப் பார்க்காமல் விட்டால், வாதத்தில் வென்றும் பயனில்லை.

எவருக்கு எது

கண்காட்சிக்கும் போட்டிக்கும் வண்டியைக் கொண்டுசெல்பவருக்குக் குறுக்கிழையே பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை அளவுகோலாகக் கொள்ளும் போட்டிகளில், அன்று இல்லாத ரேடியலுக்கு மதிப்பெண் குறையும். டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் 1958இல் தொடங்கிய கோக்கர் போன்ற நிறுவனங்கள் பழைய அளவிலும் பழைய வடிவிலும் புதிதாக டயர் செய்து விற்கின்றன. ஊருக்குள்ளும் கிராமச் சாலையிலும் 45 மைலுக்கு உட்பட்டு ஓட்டுபவருக்கும் குறுக்கிழை குறைவில்லாமல் உழைக்கும். பழைய ரிம்மும் ட்யூபும் அப்படியே இருக்கலாம். ஸ்டியரிங் இலேசாக இருக்கும். உயர்ந்து குறுகிய அந்தச் சக்கரம் இல்லாமல் 3100இன் முகமே மாறிவிடும் என்று சொல்வோரின் பேச்சிலும் உண்மை உண்டு.

நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்பவர், மழையில் ஓட்ட வேண்டியவர், குடும்பத்தோடு வெளியூர் போகிறவர் ஆகியோருக்கு ரேடியலே நல்லது. ஆனால் வலுவான ரிம், சரியான அகலம், செப்பமான கிங் பின் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நல்லது. பணம் நான்கு டயருக்கு மட்டுமே இருக்கிறது, ரிம் துருப்பிடித்திருக்கிறது என்றால், புதுக் குறுக்கிழை வாங்கி மெதுவாக ஓட்டுவதே பாதுகாப்பு. தோற்றமும் வேண்டும் பிடியும் வேண்டும் என்பவர்களுக்காக, பழைய டயரின் குறுகிய முகத்தோடு செய்யப்பட்ட ரேடியல்களும் இப்போது வருகின்றன. விலை அதிகம்; ரிம் பற்றிய எச்சரிக்கை அவற்றுக்கும் உண்டு.

மாட்டியபின்

பழைய கையேட்டில் உள்ள சக்கரக் கோண அளவுகள் குறுக்கிழைக்கு எழுதப்பட்டவை. ரேடியலுக்கு முன்சக்கரங்களின் உள்நோக்கிய சாய்வு பொதுவாகக் குறைவாகவே போதும். திண்ம அச்சு வண்டியை அறிந்த பட்டறையில் வீல் அலைன்மென்ட் செய்துகொள்ள வேண்டும். காற்றழுத்தத்துக்கும் பழைய அட்டவணை பொருந்தாது. புதிய டயரின் அளவுக்கும் அச்சின்மேல் விழும் எடைக்கும் உரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும். முதல் 50 மைல் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம்மானால் பெயின்ட் அமுங்கி நட்டு தளரும் என்பதால் இன்னொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.